கணு நீக்கிய மணி பிளான்ட்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் மகனும் நலம். தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டு, படியேறும்போது கைப்பிடியைத் தேடாத அளவுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மகள், அதாவது எங்கள் மருமகள், வெளியூர்ப் பயிற்சியில் சௌக்கியமாக இருக்கிறாள், தங்களிடமும் பேசியிருப்பாள். வெயில், கொசு, விலைவாசி மூன்றும் இங்கே வழக்கம்போல. இத்துடன் நலம் விசாரிப்பு முடிந்தது. இனி எழுதப்போவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தாங்கள் போனை எடுத்ததும் காதில் வைக்கிற வழக்கம் இல்லை, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். போன தடவை என் மலச்சிக்கலைப் பற்றித் தங்களிடம் யோசனை கேட்டபோது, தங்கள் வீட்டுக்குப் பேப்பர் போட வந்தவர் நடுவில் புகுந்து எனக்கு வைத்தியம் சொன்னார். நல்ல வைத்தியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது நான் சொல்லவருவது நாலு பேர் காதில் விழக் கூடாதது. முக்கியமாகத் தங்கள் மகள் காதில் விழவே கூடாது.

விஷயம் அந்த மணி பிளான்ட். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அந்தத் தொட்டியுமாக வந்தாளே, அதுதான். தங்கள் வீட்டுச் செடியிலிருந்து அவள் அம்மா தன் கையால் ஒடித்து வைத்துக்கொடுத்தது. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இவளுக்கு அதன்மேல் இருக்கும் பற்று தங்களுக்குத் தெரியாததல்ல. அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள். பயிற்சிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "மாமா, வாரத்துக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்தினா போதும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். நானும் சரியம்மா என்றேன். சம்பந்தி, ஓய்வு பெற்ற ஒரு மனுஷனிடம் 'வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியும்.

முதல் சில நாட்கள் சொன்னபடியே இருந்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செடியைப் பார்ப்பேன், செடி என்னைப் பார்க்கும். அப்படிப் பார்த்ததில்தான் அதன் லட்சணம் கண்ணில் பட்டது. அலமாரி மேலிருக்கும் தொட்டியில் புறப்பட்டு, திரைச்சீலைக் கம்பியோடு ஓடி, வாசல் நிலைக்கு மேலேறி, கடிகாரத்தை ஒரு சுற்று சுற்றி, புத்தக ராக்கைத் தாண்டி, குளியலறைக் கதவு வரைக்கும் போய்விட்டது. போகட்டும், ஆனால் இலை வேண்டாமா? வழி நெடுக வெறும் கயிறு. குளியலறை வாசலில் நாலைந்து இலை, எங்கேயோ போக டிக்கெட் எடுத்துவிட்டு நிற்பதுபோல. தொட்டியில் பார்த்தால் மண்டை வழுக்கை. என் மண்டையைச் சொல்லவில்லை, செடியின் மண்டை. நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பேன். இன்டர்நெட் சரிபார்க்க வந்த ஆள்தான் கெடுத்தார். கடிகாரத்துக்குக் கீழே நின்று கொடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, "சார், இந்த ஒயர் எந்தக் கம்பெனியோடது? உபயோகத்துல இல்லைன்னா கழட்டிடவா?" என்று கேட்டார். மருமகளுடைய அம்மா வைத்த செடியை ஒருவன் ஒயர் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு மனசில்லை. அவள் திரும்பி வரும்போது தொட்டி நிறையப் பச்சைப் பசேலென்று காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்கள். ஊதினேன்.

மதியம் போனில் தேடினால், இப்படிக் கயிறாகப் போன கொடியைச் சீர்செய்வது எப்படி என்று ஒரு பெண்மணி வீடியோ போட்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை நடுத்தூக்கத்தில் எழுப்பினால் என்ன நடக்கும் என்று தாங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண்மணி கத்தரிக்கோலால் கொடியைத் துண்டு துண்டாக வெட்டினார், துண்டுகளைத் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்தினார், வேர் வந்தது, எல்லாவற்றையும் கொண்டுபோய் அதே தொட்டியில் வழுக்கை இருந்த இடத்தில் சுற்றிலும் நட்டார், தொட்டியை ஜன்னல் பக்கம் வைத்தார், செடி புதர்போல நின்றது. நடுநடுவே விரலை நீட்டி எதையோ அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். என்ன சொன்னார் என்றுதான் கேட்கவில்லை. இவ்வளவு எளிதான வேலைக்கு இந்த அம்மா எதற்கு இத்தனை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. மரக்கிடங்கில் பலகைக்குத் தரம் போடுவதுதான் வேலைக்காலம் முழுக்க எனக்கு வாய்த்தது. பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். இழை நேராக ஓடினால் முதல் தரம். நடுவில் கணு இருந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, ஓரமாகப் போ. கணு இருக்கிற இடத்தில் ஆணி இறங்காது, இழைப்புளி துள்ளும், காய்ந்த பிறகு கணு கழன்று விழுந்து பலகையில் ஓட்டை தெரியும். தச்சர்கள் வந்து சட்டையைப் பிடிப்பார்கள். ஆகவே கணுவைக் கண்டால் என் கண் தானாகச் சுருங்கும். கொடியை இறக்கி மேசைமேல் நீட்டிப் போட்டேனா, ஒரு சாணுக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் மருப்போல ஒரு பழுப்புப் புடைப்பு. இவ்வளவு மட்டமான சரக்கை நான் ஆயுளில் பார்த்ததில்லை. சாக்பீஸ் எடுத்துக் குறி போட்டேன். ஒவ்வொரு கணுவையும் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று சுத்தமாக நீக்கினேன். மருவெல்லாம் முறத்தில் கூட்டிக் குப்பைக் கூடைக்குப் போயிற்று. என்றைக்கும் நேரத்துக்கு வராத குப்பை வண்டி அன்றைக்கென்று வாசலில் வந்து மணியடித்தது, கையோடு கொடுத்தனுப்பினேன். மிச்சமிருந்தது முதல் தரம். வழவழவென்று, நேராக, ஒரே அளவாக, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

அவற்றை நிறுத்த வீட்டிலிருந்த புட்டியெல்லாம் பிடித்தேன். இருமல் மருந்துப் புட்டி, தேங்காய் எண்ணெய்ப் புட்டி, ஜாம் புட்டி, என் மனைவி எதற்கோ சேர்த்து வைத்திருந்த மூடியில்லாத புட்டிகள். அவள் எழுந்து வந்து ஜன்னலோரம் வரிசையாக நின்றதைப் பார்த்து, "அழகா இருக்கு. எதுக்கு?" என்று கேட்டாள். வேர் வரப்போகிறது என்றேன். ஓ என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். நுனி இலைகளைக் காம்போடு கிள்ளி ஒரு டம்ளரில் வேறு வைத்திருந்தேன். அவை பல நாள் வாடாமல் நின்று என்னை மேலும் ஏமாற்றின. தினமும் காலையில் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு புட்டியாகப் பார்ப்பேன். வேர் வரவில்லை, வாடை வந்தது. பிறகு வழுவழுப்பு வந்தது. இடம் போதாமல் ஒரு புட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றியிருந்தேன், தங்கள் மாப்பிள்ளை அலுவலக அவசரத்தில் குச்சியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து, இந்தப் பக்கம் தண்ணீர் வர வரச் சரியில்லை என்று சொன்னான். கவலைப்பட வேண்டாம், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, தொட்டியில் அடிக்கட்டை இருக்கிறதே, அது துளிர்க்காதா என்று கேட்பீர்கள். துளிர்த்திருக்கும், நான் விட்டிருந்தால். வீடியோவில் தொட்டியை ஜன்னல் பக்கம் வைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. வெளிச்சம் போதாமல்தான் இலைக்கும் இலைக்கும் நடுவே இத்தனை தூரம் விட்டு ஓடியிருக்கிறது என்று எனக்கே புரிந்தது. அது சரியான புரிதல் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஜன்னல் வெளிச்சத்துக்கே அவ்வளவு பலன் என்றால் மொட்டைமாடி வெயிலுக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த ஜீவன், ஒரே மதியத்தில் வெந்துபோயிற்று. பதறிக் கீழே கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஊற்றினேன், சாயங்காலம் ஊற்றினேன், நான் மறந்திருப்பேன் என்று நினைத்து நடுவில் என் மனைவியும் ஊற்றினாள். அடிக்கட்டை கழுத்தில் அழுகி, தொட்டால் கையோடு வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு ஆனால்கூடப் பரவாயில்லை, குரங்காவது உயிரோடு இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கள் மகள் வீடியோவில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள். எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். ஜோடிகள் நிற்பதற்குப் பின்னால் தொங்கவிடும் பிளாஸ்டிக் கொடி ஒன்று அவரிடம் இருக்கிறது. மறுநாள் காலையில் ஒரு ஜோடி வருகிறார்கள், அதற்குள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அதைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டி, போனைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முன்னால் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். மருமகள் எல்லாரையும் விசாரித்தாள். பிறகு எங்கள் தலைக்கு மேலே பார்த்து, "மாமா, செடி ரொம்பச் செழிப்பா இருக்கே" என்றாள். ஆமாம்மா என்றேன். "தண்ணி ஊத்தறீங்களா?" என்று கேட்டாள். ஊத்தறேம்மா என்றேன். என் மனைவி இருமினாள். போனை வைத்த பிறகு எனக்குக் கூச்சமாக இருந்தது சம்பந்தி. டீ ஆறிப்போயும் குடிக்கத் தோன்றவில்லை. மரக்கிடங்கில் இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று நான் ஒரு நாளும் குறி போட்டதில்லை.

அன்று சாயங்காலம்தான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். கொடியை எப்படி இறக்கினேன், எப்படிக் கணுவையெல்லாம் நீக்கினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கணுவுலதானே வேர் வரும். துளிரும் அங்கேருந்துதானே வரும். அதையெல்லாம் குப்பையில கொட்டிட்டு நடுக்குச்சிய ஊறப் போட்டிருக்கீங்களா?"

முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். நான் கேட்டால்தானே சொல்வதற்கு என்றாள். அதுவும் நியாயம்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அந்த வீடியோவை மறுபடி, இந்தத் தடவை சத்தத்தோடு போட்டுப் பார்த்தோம். விரலை நீட்டி நீட்டி அந்தப் பெண்மணி சொன்னது இதுதான்: ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவாவது இருக்க வேண்டும், அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கணு இல்லாத துண்டை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. இன்னொன்றும் சொன்னார், எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள், பாதியை வெட்டி, அது துளிர்த்த பிறகு மறுபாதியில் கை வையுங்கள் என்று. நல்ல பெண்மணி. நான்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டேன்.

தாங்கள் சிரிக்கலாம், நானே சிலசமயம் சிரிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கள் மகள் எங்கள் வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. மின்விசிறியைக் குறைக்க வேண்டும் என்றால்கூடத் தானே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். எங்களை வேறாக நினைக்கிறாள் என்று சொல்லவில்லை. இடைஞ்சல் தரக் கூடாது என்று நினைக்கிற சுபாவம். அப்படிப்பட்டவள் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டு ஒன்றை ஒப்படைத்தாள், அதுவும் அவள் அம்மா ஞாபகமாக இருப்பதை. அதை நான் அளவு பார்த்து நறுக்கிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். இனி இந்தக் கிழவனிடம் எதைக் கொடுப்பாள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. கோபித்துக்கொண்டாலாவது தேவலை. அவள் கோபிக்க மாட்டாள், பரவாயில்லை மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆகவே என் வேண்டுகோள். தங்கள் கூடத்தில் இருக்கும் தாய்ச்செடியும் எங்களுடையதைப் போலத்தான் ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் போர்டு, காலண்டர் என்று ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசியாக வந்தபோது நான் அதன் கீழே குனிந்துதான் தங்கள் சமையலறைக்குப் போனேன். அதில் ஒரு முழம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. கணுவோடு வெட்டுங்கள், தயவுசெய்து கணுவோடு. ஈர நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் மனைவி பெயருக்கு அனுப்புங்கள். என் பெயருக்கு வந்தால், செடி போனதையே கவனிக்காத மகன் இதை மட்டும் பிரித்துப் பார்த்து அவளிடம் சொல்லிவிடுவான், அம்மா பெயருக்கு வந்ததைப் பிரிக்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அதே தொட்டியில், அதே அலமாரியில் வைத்து, அவள் கேட்டால் கொஞ்சம் வெட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவள் வர இன்னும் நாள் இருக்கிறது. அவளிடம் தாங்கள் மூச்சுவிடக் கூடாது. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். பேப்பர் போடுகிறவரிடமும் காட்ட வேண்டாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தனியாக இருப்பதால் ஒருவேளை சமைத்ததையே மூன்று வேளைக்கும் வைத்துச் சாப்பிடுவதாகத் தங்கள் மகள் வருத்தப்பட்டாள். தாங்கள் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருந்து, நம் இரண்டு குடும்பமும் இதே ஒட்டுதலோடு தழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பயிற்சி முன்கூட்டியே முடிந்துவிட்டதாம், தங்கள் மகள் பெட்டியோடு நிற்கிறாள். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அலமாரியைப் பார்த்தாள். அடிக்கட்டை அழுகிப்போன வெறுந்தொட்டிதான் அங்கே இருந்தது. கையிலிருந்த இந்தக் கடிதத்தையே நீட்டிவிட்டேன். தோள்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே முழுவதையும் படித்தாள். ஒயர் வந்த இடத்தில் சிரித்தாள். தன் அம்மாவைப் பற்றி வந்த இடத்தில் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பவில்லை. பிறகு, பிளாஸ்டிக் கொடி அன்றைக்கே தெரியும் என்றாள். அதில் ஒரு ரோஜாப்பூ இருந்ததாம், மணி பிளான்டில் ரோஜா பூத்து அவள் பார்த்ததில்லையாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் சொன்னாள்:

"அம்மா இதை நீள விடவே மாட்டாங்க மாமா. நீண்டா வெட்டுவாங்க, வெட்டினதை அதே தொட்டியில சொருகுவாங்க. அதான் அம்மா இருந்தவரைக்கும் அங்க எப்பவும் புதர் மாதிரி இருந்துச்சு. அம்மா போனப்புறம் எனக்குக் கத்திரிக்கோல் எடுக்க மனசே வரல. அம்மா தொட்ட கொடியாச்சே, அதை எப்படி வெட்டறதுன்னு அப்படியே விட்டுட்டேன். அப்பாவும் அங்க வெட்ட மனசில்லாம அப்படியேதான் விட்டு வச்சிருக்கார்."

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். பேப்பரில் சுற்ற வேண்டாம், எதையும் மறைக்க வேண்டாம், கடிதத்தையும் கிழிக்க வேண்டாம், நாளைக்கே இதைக் கொண்டுவந்து தரப்போவது தங்கள் மகள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாருமாக அங்கே வருகிறோம். தங்கள் செடியை வெட்டி, அதில் பாதியைத் தங்கள் தொட்டியிலேயே சொருகிவிட்டு, பாதியை எங்கள் தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவள் ஏற்பாடு. எங்கே வெட்ட வேண்டும் என்று அவள் காட்டுவாள். கொடியைப் பிடித்துக்கொள்ள மட்டும் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. முதல் வெட்டு அப்பாதான் வெட்ட வேண்டும் என்று எழுதச் சொன்னாள். உடனே மனசு வராவிட்டால் அவசரமில்லை, நாங்கள் சாயங்காலம் வரைக்கும் இருப்போம்.